ஜிப்சிக்கு "ரேஸ் ஹெட்டர்" மாட்டப் போறவங்க, மலையில் ஓட்டுறவங்கன்னா முதலில் இதைப் படிச்சிடுங்க

கோத்தகிரிப் பக்கம் ஓடும் 1.3 லிட்டர் பெட்ரோல் மாருதி ஜிப்சி ஒன்றுக்குக் கீழே சமவெளியில் ஒரு பட்டறையில் ஹெட்டர் (இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பு) மாற்றினார்கள். "அண்ணா, இது ரேஸ் ஹெட்டருங்க, பத்து குதிரை சும்மா ஏறும்" என்று சொல்லி வாங்கிய தொகை 26,000 ரூபாய். மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியதுமே குட்டு வெளிப்பட்டது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் 2,000 ஆர்பிஎம்முக்கு (இன்ஜின் நிமிஷத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) கீழே வந்தால் வண்டி திணறுகிறது. அரை கிளட்ச் பிடிக்காமல் நகர்வதில்லை. சத்தம் மட்டும் ஊரைக் கூட்டுகிறது.

கழற்றி அளந்ததில் தெரிந்தவை: நாலு குழாயும் நேராக ஒன்றில் சேரும் 4-1 அமைப்பு. ஒவ்வொரு குழாயும் உள்விட்டம் 42 மி.மீ., நீளம் வெறும் 30 செ.மீ.

இதில் என்ன தப்பு என்றால், குழாய் அகலமானால் உள்ளே புகையின் வேகம் குறையும். ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாக வெளியேறும் புகை தனக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைத்து, மிச்சப் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். காற்று உள்ளே வரும் வால்வும் புகை வெளியேறும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்த ஓவர்லாப் நேரத்தில் புதுக் காற்றும் உள்ளே இழுபடும். வேகம் போனால் இந்த இழுப்பும் போச்சு. "கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தாத்தான் இழுவை வரும்" என்று பல மெக்கானிக்குகள் சொல்வது பாதிதான் சரி. பேக் பிரஷர் என்பது புகை போகும் வழியில் உள்ள அடைப்பு, அது எந்த இன்ஜினுக்கும் நல்லதில்லை. குழாய் ஒடுங்கினால் வேகம் கூடுகிறது, இழுவை அதனால் வருகிறது.

தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழாயின் உள் பரப்பைச் சதுர செ.மீ.யில் எடுத்து 2,24,000-ஆல் பெருக்கி, ஒரு சிலிண்டரின் சிசியால் வகுத்தால், அந்தக் குழாய் எந்த ஆர்பிஎம்மில் நன்றாக இழுக்கும் என்று கிடைக்கும். ஜிப்சியில் ஒரு சிலிண்டர் சுமார் 325 சிசி. 42 மி.மீ. குழாயின் பரப்பு 13.85 ச.செ.மீ. விடை ஏறக்குறைய 9,500 ஆர்பிஎம்! அந்த இன்ஜின் பிறந்ததிலிருந்து அங்கே போனதில்லை. 30 மி.மீ. என்றால் 4,900 அளவில் வரும், 32 என்றால் 5,500. மலைக்கு 30-ஐ ஒட்டியே நில்லுங்கள்.

நீளத்திலும் அதே கதை. புகை வெடித்துக் கிளம்பும்போது உண்டாகும் அழுத்த அலை, குழாய் முனையில் மோதி எதிர்மறை அலையாக, அதாவது அழுத்தம் குறைந்த அலையாகத் திரும்பும். அது ஓவர்லாப் நேரத்தில் வால்வுக்கு வந்தால்தான் புகையை இழுக்க உதவும். சூடான புகையில் அது நொடிக்கு 500 மீட்டருக்கு மேல் ஓடும். 30 செ.மீ. குழாயில், 3,000 ஆர்பிஎம்மில், கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) 20 டிகிரி சுற்றுவதற்குள் அது வால்வுக்கு வந்துவிடும். ஓவர்லாப் வருவதோ சுமார் 200 டிகிரி கழித்து. அதற்குள் அலை பலமுறை போய் வந்து செத்துப் போயிருக்கும். அதனால்தான் ஏற்றத்தில் ஓடும் வண்டிக்கு நீளமான, ஒல்லியான குழாயுள்ள 4-2-1 (நாலு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகும் அமைப்பு) பொருந்தும். அதில் 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் ஒரு ஜோடி, காரணம் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) 1-3-4-2, அதில் ஜோடி சேர்ந்தவை அடுத்தடுத்து வெடிப்பதில்லை. சில பட்டறைகள் வளைக்கச் சுலபம் என்று பக்கத்துப் பக்கத்துக் குழாய்களை, 1-2, 3-4 என்று சேர்த்துவிடுகிறார்கள். விரலால் குழாயைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள், ஒரு நிமிஷ வேலை.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். டர்போ இல்லாத இன்ஜினின் 80 குதிரையில் ஏற்கெனவே 60-தான் மிச்சம். அதிலும் கீழ் ஆர்பிஎம்மில் கை வைத்தால் வேறென்ன ஆகும்? பட்டறையில் காட்டிய டைனோ (இன்ஜின் சக்தியை அளக்கும் கருவி) தாளில் கோடு தொடங்குவதே 4,500-லிருந்து என்பதையும் கவனிக்கவும்.

வேலையின் லட்சணமும் அப்படியே. ஃப்ளேஞ்ச் (ஹெட்டரை இன்ஜினோடு போல்ட் போட்டு இணைக்கும் பட்டை) 6 மி.மீ. தகடு, வெல்டிங் சூட்டில் வளைந்து, ஸ்டீல் ஸ்கேல் வைத்தால் ஓரத்தில் 0.4 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறது. 10 மி.மீ. போட்டு, வெல்டிங் முடிந்ததும் மில்லிங்கில் சமன் செய்திருக்க வேண்டும். இடையில் லீக் அடைக்க வைக்கும் கேஸ்கெட்டைக்கூடப் பழையதையே மறுபடி மாட்டியிருந்தார்கள். அந்த இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே இழுபட, ஆக்ஸிஜன் சென்சர் "பெட்ரோல் பத்தலை" என்று நினைத்துக்கொள்கிறது, இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூடுதலாக ஊற்றுகிறது. பிளக் நாலும் கரி. மைலேஜ் குறைந்ததற்கு "மலை வண்டின்னா அப்படித்தானுங்க" என்று பதில் வேறு!

லீக் பார்க்க, இன்ஜின் ஆறியிருக்கும்போது வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைச் சைலன்சர் வாலில் செருகி, ஜாயிண்ட்டில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை வரும் இடம்தான் ஓட்டை.

பில்லில் எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் ஒரு தரம்) என்று எழுதியிருந்தது. காந்தம் ஒட்டவில்லை என்று நம்பிவிடாதீர்கள். மட்டமான 202-லும் காந்தம் சரியாக ஒட்டாது, ஆனால் நம்ம ஊர் மழைக்கும் பனிக்கும் வெல்டிங் ஓரத்தில் சீக்கிரமே பழுப்பேறும். இந்த ஹெட்டரில் ஒரு மழைக்காலத்திலேயே ஏறிவிட்டது.

எல்லாவற்றையும் விட எரிச்சலானது, கழற்றிய கம்பெனி மேனிஃபோல்டையும் (ஹெட்டர் இருக்கும் இடத்தில் முதலில் இருந்த புகைக்குழாய்) கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் (புகையின் நச்சைக் குறைக்கும் சாதனம்) "வேஸ்ட்டுங்க" என்று சொல்லிப் பட்டறையிலேயே வைத்துக்கொண்டது. கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. ஸ்கிராப்பில் நல்ல விலை போகும். அது இல்லாமல் புகைச் சான்றிதழ் எடுப்பதும் பாடு, பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதமும் வரும். கழற்றும் ஒவ்வொரு சாமானும் வண்டியிலேயே ஏறட்டும். உள்விட்டம், நீளம், உலோகம், ஃப்ளேஞ்ச் கனம் நாலையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அந்த ஜிப்சிக்குக் கடைசியில் கோவை உக்கடம் பழைய சாமான் கடையில் கம்பெனி மேனிஃபோல்ட் தேடிப் போட வேண்டியதாயிற்று. அங்கே வாங்குவதாக இருந்தால், நடுக் குழாய்கள் சேரும் இடத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவிப் பாருங்கள். விரிசல் இருந்தால் ஈரக்கோடு எழும்பும். மாட்டும்போது புதுக் கேஸ்கெட், எம்8 நட்டு நடுவிலிருந்து வெளியே 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம், ஒரு தடவை சூடாகி ஆறியதும் மறுபடி அதே அளவுக்கு எல்லாவற்றையும் இறுக்கிப் பாருங்கள்.