எந்த நீரில் பாய் விரிப்பது? மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரு பாய்ப்படகு உலாவுக்கான இடத்தேர்வு

பொழுதுபோக்காகப் பாய்ப்படகு ஓட்டும் பத்துப் பன்னிரண்டு பேரை ஒருநாள் ஒன்றுசேர்த்து, விளையாட்டாக ஒரு சவாலையும் வைத்து, பின்னேரம் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டுப் பிரிய வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் எழும் பேச்சு பரிசைப் பற்றியது. அடுத்தது ரீசேட்டின் நிறத்தைப் பற்றியது. எந்த நீர், எந்தக் காற்று என்பது கடைசியாகத்தான் வருகிறது. இலங்கையின் கிழக்கில் இதற்கு இடம் தேடுவோர் முன்னால் உண்மையில் நான்கு தெரிவுகள் உள்ளன: மட்டக்களப்பு வாவி, பாசிக்குடா, அறுகம்குடா, உள்நாட்டில் சேனாநாயக்க சமுத்திரம். இந்த நான்கையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன். வந்திருப்பவர்களில் மிகவும் பழக்கம் குறைந்தவரின் படகில் சுக்கான் கழன்றுவிட்டால், அரை மணி நேரத்தில் அந்தப் படகு எந்தக் கரையில் போய் நிற்கும்?

நாங்கள் ஆறு என்றே சொல்லிப் பழகிய மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. வடக்கே பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் அது கடலோடு சேர்கிறது. பாய்ப்படகுக்காரருக்கு அதன் நீளத்தை விட அது கிடக்கும் திசை முக்கியமானது. வாவி பெரும்பாலும் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்க, மே முதல் ஓகஸ்ட் வரை காலையில் கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. வெயில் ஏறித் தரை சூடானபின் கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. இரண்டுமே குறுக்குக் காற்று. படகின் பக்கவாட்டில் அடிக்கும் காற்றைப் போலப் புதியவருக்கு இலகுவானது வேறில்லை. போகும்போதும் வரும்போதும் பாய் ஒரே நிலையில் நிற்கும், காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து ஏறும் வேலை அதிகம் இராது, பின்காற்றில் பாய் திடீரென்று மறுபக்கம் பாய்ந்து தலையில் அடிக்கும் ஆபத்தும் குறைவு.

சுக்கான் கழன்ற படகின் கதியும் இங்கே தெளிவானது. காலைக் கச்சானில் அது கிழக்குக் கரையான எழுவான்கரையில் ஒதுங்கும். பின்னேரக் கடற்காற்றில் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒதுங்கும். இரண்டிலும் சேறும் கண்டலும் ஊரும் உண்டு, கடல் இல்லை. இரண்டு காற்றும் மாறும் இடைவேளையில், பெரும்பாலும் நண்பகலை ஒட்டி, காற்றே இல்லாத ஒரு நேரம் வரும்; பாய் துணி காயப் போட்டதுபோல் தொங்கும். புதிதாக ஏற்பாடு செய்பவர்கள் இதைக் கெடுதலாக நினைத்துப் போட்டியை அதற்குள் முடிக்கப் பார்ப்பார்கள். சாப்பாட்டு நேரத்தை அங்கேயே வைத்துவிட்டால் இயற்கை தானாக எல்லோரையும் கரைக்கு அனுப்பிவிடும்.

வாவிக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. பல இடங்களில் ஆழம் மிகவும் குறைவு; படகின் அடியில் நீருக்குள் இறக்கும் நடுப்பலகையை முழுதாக இறக்கிவைத்தால் அது சேற்றில் குத்தி நிற்கும். நான் ஒருமுறை ஆரையம்பதிக்கு நேரே அப்படி நின்றேன். பலகையை உயர்த்த முயன்றபோது அடியிலிருந்து கரிய சேறு குமிழியிட்டு மேலெழ, படகு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுழலத் தொடங்கியது. தோணியில் கம்பு ஊன்றி வந்த ஒரு ஐயா சற்றுத் தூரத்தில் நிறுத்தி, முழுவதையும் பார்த்து முடித்த பிறகு, "தம்பி, பலகையத் தூக்கிற்று, போட்டை ஒரு பக்கமாச் சரிங்க" என்றார். சரித்ததும் படகு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அவருக்குப் பாய்ப்படகு ஓட்டத் தெரியாது. ஆனால் எங்கள் கூட்டத்தில் இருந்த எவரையும் விட அந்தத் தண்ணீரைத் தெரிந்தவர் அவர்.

ஆகவே வாவியைத் தெரிவு செய்பவர்கள் முதலில் பேச வேண்டியது மீனவர் கூட்டுறவுச் சங்கங்களோடுதான். வலைக் கம்புகள் எங்கே நிற்கின்றன, இறால் பிடிப்பு எந்த இரவுகளில் நடக்கிறது, எந்த மூலையில் ஆற்றுவாழை அடைத்துக் கிடக்கிறது, முதலை அடிக்கடி தென்படும் ஓரம் எது என்பவை எந்த வரைபடத்திலும் இல்லை. ஒரு வலையை அறுத்துவிட்டு மன்னிப்புக் கேட்பதை விட, முதல்நாள் ஒரு தோணியில் ஏறிப் பாதை முழுவதையும் பார்த்து வருவது மலிவானது.

வாவிக்குள் எந்தப் பகுதி என்பதும் ஒரு தெரிவே. நகரிலிருந்து வடக்கே போய், 1913 இல் கட்டப்பட்ட வெளிச்சவீட்டைப் பார்த்துத் திரும்பும் வழி படம் எடுக்க அழகானது. ஆனால் கல்லடியில் 1924 இல் திறந்த பழைய பாலத்தையும் அதனருகே 2013 இல் திறந்த புதிய பாலத்தையும் கடக்க வேண்டும். ஒருவர் ஓட்டும் லேசர் வகைச் சிறு பாய்ப்படகின் பாய்மரம் ஏறத்தாழ 6 மீற்றர் உயரம். பாலத்தின் அடியில் உள்ள வெளியை நூலில் கல் கட்டி இறக்கி அளக்காமல் எவரும் அந்த வழியை அறிவிக்கக் கூடாது. பாலங்களுக்கு அப்பால் முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் நீரோட்டமும் இழுக்கும். கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே புறப்பட்டு, காத்தான்குடி, ஆரையம்பதிக் கரைகளைக் கடந்து, 2014 இல் திறந்த மண்முனைப் பாலம் வரை போகும் வழியில் பாய்மரத்தை இறக்கும் வேலையே இல்லை. பத்துக் கிலோமீற்றர் அளவான அந்தத் தூரத்தை, மணிக்கு 3 கடல் மைல் வேகத்தில், அதாவது ஐந்தரைக் கிலோமீற்றர் வேகத்தில், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஓடிவிடலாம். காலை 8.30க்குப் புறப்பட்டால் காற்று விழுவதற்கு முன் சோற்றுப் பானையடியில் இருக்கலாம்.

பாசிக்குடா இதற்கு நேர் எதிரான தெரிவு. நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரத்தில், கரையிலிருந்து நெடுந்தூரம் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போகக்கூடிய குடா. வெண்மணல், ஹோட்டல்கள், வாகனம் நிறுத்த இடம், குளிக்க நன்னீர் என எல்லாம் உண்டு. குடும்பத்தோடு வருபவர்களின் வாக்கு பாசிக்குடாவுக்கே விழும், அதில் நியாயமும் உண்டு. படகைக் கவிழ்த்துப் பழகவும், சிறுவர்களை 2.3 மீற்றர் நீள ஒப்டிமிஸ்ட் படகுகளில் ஏற்றிவிடவும் கிழக்கில் இதைவிட நல்ல இடத்தை நான் காணவில்லை.

ஆனால் என் கேள்வியை அங்கே கேட்டுப் பாருங்கள். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையில் நிற்பவருக்குக் கடல் கண்ணாடி போல் தெரியும். அலையே இல்லை, ஏனெனில் அலை எழுவதற்கான தூரம் அங்கே இல்லை. குடாவின் வாயைத் தாண்டிய பிறகுதான் காற்றின் பலமும் அலையின் உயரமும் தெரியவரும், அப்போது சுக்கான் இல்லாத படகு வங்காள விரிகுடாவுக்குள் போய்க்கொண்டிருக்கும். கடல் அமைதியாக இருக்கிறதே என்று சொல்லிப் புறப்படுபவர்கள்தான் என்னை அதிகம் பயப்படுத்துகிறார்கள். பாசிக்குடாவில் நடத்துவதென்றால், குடாவுக்கு வெளியே போகாத சிறு வட்டப் பாதை, எல்லையில் நங்கூரமிட்ட மோட்டார் போட் இரண்டு, கடற்படைக்கும் கரையோரக் காவல் படைக்கும் எழுத்தில் முன்னறிவித்தல் ஆகிய மூன்றும் வேண்டும். அப்போதும் அது போட்டியாக இருக்கலாமேயொழிய உலாவாக இருக்காது; ஒரே குடாவை எட்டு முறை சுற்றுவதில் ஊர் பார்க்கும் சுகம் இல்லை.

அறுகம்குடாவைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. அங்கே அலைச்சறுக்குக்காரர்கள் தேடிவரும் மாதங்களும் எங்களுக்கு மழையில்லாத மாதங்களும் ஒன்றே. அவர்கள் விரும்பும் அதே தென்கடல் அலை, கரையிலிருந்து சிறு பாய்ப்படகை இறக்குபவருக்குச் சத்துரு. சுக்கான் கழன்ற படகு கரைக்கு வரலாம், ஆனால் பாய்மரம் முறிந்து, பலகைகளில் மிதக்கும் மனிதர்களுக்கு நடுவே வரும். பொத்துவில் களப்பு அமைதியானதுதான்; அது சவள் என்னும் துடுப்புப் போடும் தோணிக்கு உரிய நீர், பாய் விரிக்க அகலம் போதாது. மாலைக் கொண்டாட்டத்துக்கு அறுகம்குடாவை வெல்ல இடமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சேனாநாயக்க சமுத்திரம் நினைவில் நிற்கும் இடம். இங்கினியாகலை அணைக்குப் பின்னால் மலை சூழ விரிந்த நீர்ப்பரப்பு, தீவிலிருந்து தீவுக்கு நீந்திப் போகும் யானைகள். ஒரு பாய் அந்தப் பின்னணியில் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யாத படகுக்காரர் இல்லை. கல்லோயாத் தேசிய பூங்காவின் எல்லைக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் எதுவும் நடக்காது, நடக்கவும் கூடாது. மலைகளுக்கிடையால் காற்றும் திடீர் திடீரென்று திசை மாறி அடிக்கும். படகு ஒதுங்கும் கரையில் யானை நிற்கலாம் என்ற ஒரு காரணமே எனக்குப் போதும்.

இடம் வாவி என்று முடிவானால், சவாலின் வடிவம் பற்றிய தெரிவு வருகிறது. எங்கள் சிறு குழுவுக்குள் உண்மையான சண்டை நடந்தது இதில்தான். ஒரு தரப்பு துரத்தல் ஓட்டத்தைக் கேட்டது. இதில் மெதுவான படகு முதலில் புறப்படும். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு படகுக்கு 80 நிமிடமும் மற்றதற்கு 60 நிமிடமும் ஆகுமென்றால், முன்னது 20 நிமிடம் முந்திக் கிளம்பும். கணக்குச் சரியாக இருந்தால் எல்லோரும் ஏறத்தாழ ஒன்றாக வந்து சேர்வார்கள், முதலில் கோட்டைக் கடப்பவரே வெற்றியாளர். கரையில் நிற்கும் சனங்களுக்கு இதுவே பார்க்க நல்லது, சமையற்காரருக்கும் வசதி. ஆனால் படகுகளின் வேகம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் வார்த்த லேசருக்கு, படகு வகைகளின் வேகத்தை ஒப்பிடும் போட்ஸ்மத் அட்டவணையில் எண் உண்டு. உரப்பையைத் தைத்துப் பாயாக்கிய தோணிக்கு எந்த அட்டவணையில் எண் தேடுவது?

மறுதரப்பு, அதாவது நான், நேர ஊகத்தைக் கேட்டது. ஒவ்வொருவரும் தமக்கு எத்தனை நிமிடம் எடுக்கும் என்று துண்டில் எழுதி, மடித்து, ஒரு பானைக்குள் போட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். கைக்கடிகாரத்தையும் தொலைபேசியின் மணிக்கூட்டையும் பார்க்கக் கூடாது. அவசரத்துக்காகத் தொலைபேசியை நீர் புகாத பையில் முத்திரையிட்டு எடுத்துச் செல்லலாம். எழுதிய நேரத்துக்கு மிக அருகில் வந்து சேர்பவருக்கே பரிசு. இங்கே வேகம் பொருட்டில்லை. கடைசியாக வருபவர் வெல்லலாம், தோணிக்காரர் வெல்லலாம். காற்று எப்போது விழும் என்று அறிந்தவருக்கே இது சாதகம் என்பதால் ஊர் அறிவுக்கும் மதிப்புக் கிடைக்கிறது. ஒத்திகையாக ஐந்து படகுகளை வைத்து இதைச் செய்தபோது, 95 என்று எழுதியவர் 97 நிமிடத்தில் வந்தார். எங்களுள் மிக வேகமாக ஓடியவர் அரை மணி நேரம் முந்தி வந்து கடைசி இடத்தைப் பெற்று, அன்று முழுவதும் கணக்கைப் பற்றி வாதாடினார். துரத்தல் ஓட்டக்காரர்களின் முறைப்பாடு, இதில் பார்ப்பவருக்கு விறுவிறுப்பு இல்லை என்பது. அது சரியான முறைப்பாடு. கடைசி ஒரு கிலோமீற்றரைத் தனியாகத் துரத்தல் ஓட்டமாக வைத்தால் இரண்டு தரப்பும் சாப்பிடும் நேரத்தில் பேசிக்கொள்ளும்.

எந்த வடிவமானாலும் உயிர்காப்பு அங்கியில் விட்டுக்கொடுப்பு இல்லை. 50 நியூட்டன் மிதப்பு விசை என்று எழுதிய அங்கி நீந்தத் தெரிந்தவருக்கு உதவியாக மிதக்க வைப்பது மட்டுமே. நீந்தத் தெரியாத விருந்தாளிக்கு 100 அல்லது அதற்கு மேல் உள்ளது வேண்டும்.

நாள் குறிப்பதில் இரண்டு நிலவுகள் போட்டியிடுகின்றன. பௌர்ணமி ஒவ்வொன்றும் விடுமுறை என்பதால் அந்த நாளைத் தெரிவது இயல்பு. மதுக்கடைகள் மூடியிருக்கும் என்பதை இந்த ஒன்றுகூடலுக்கு நான் நன்மையாகவே கருதுகிறேன், மறுப்பவர்களும் உண்டு. வைகாசிப் பௌர்ணமியில் காற்று நன்றாக இருக்கும். ஆனால் எழுவான்கரை ஊர்கள் கண்ணகி அம்மன் சடங்கிலும் அதன் நிறைவான குளிர்த்தியிலும் ஈடுபட்டிருக்கும் காலம் அது. சமையலுக்கும் தோணிக்கும் ஆள் கேட்டு அந்த நாளில் எந்த வீட்டுப் படலையையும் தட்ட முடியாது. அடுத்து வரும் ஆனிப் பௌர்ணமியே பொருத்தம். வாவி நண்டும் இறாலும் பிட்டும், பின்னர் எருமைத் தயிரும் பாணியும் என்று பட்டியல் போட்டாயிற்று. முதல் பரிசும் ஒரு சட்டித் தயிர்தான்.

இரவு நிகழ்ச்சிக்கு மேடையும் ஒலிபெருக்கியும் வைப்பதா, நிலவு இரவில் வாவி நீருக்கடியிலிருந்து எழும் ‘பாடும் மீன்’ ஒலியைக் கேட்கப் போவதா என்ற கேள்விக்கு மட்டும் எங்களிடம் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. நிலவு உயர்ந்தபின், பாய்ப்படகுகளைக் கரையிலேயே கட்டிவிட்டு, அனுபவமுள்ள தோணிக்காரருடன் நான்கு நான்கு பேராகக் கல்லடிப் பக்கம் போக வேண்டும். சவளின் அகன்ற தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பிடியின் முனையைக் காதோடு அழுத்தினால், முதலில் பாலத்தில் போகும் பஸ்ஸின் அதிர்வு கேட்கும். அது அடங்கியபின் நரம்பு மீட்டியதுபோல் ஓர் ஒலி மரத்தின் வழியே ஏறி வரும். பாதுகாப்புக்கு வரும் மோட்டார் போட் அந்த அரை மணி நேரம் இயந்திரத்தை நிறுத்தி, சத்தமில்லாமல் நங்கூரத்தில் நிற்க வேண்டும் என்பதை நிகழ்ச்சி நிரலில் எழுதியே வைத்திருக்கிறோம்.