குருத்தெலும்பு ஆய்வுக்கு எது: கார்ட்டலாக்ஸா, கார்டோஜெனினா, டிஜிஎஃப்-பீட்டாவா?

பெங்களூரு ஆய்வகங்களில் குருத்தெலும்பு வேலைக்குச் சேரும் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அக்கா, டிஜிஎஃப்-பீட்டாங்கிற வளர்ச்சிப் புரதம் மைக்ரோகிராம் கணக்குல வருது. கார்ட்டலாக்ஸ்ங்கிற குட்டிப் பெப்டைடு மில்லிகிராம் கணக்குல கிடைக்குதே, அதையே போட்டுப் பார்த்தா என்ன?" நியாயமான கேள்விதான். ஆனால் மூன்றும் ஒரே வேலைக்குப் போட்டி போடுபவை என்று எடுத்துக்கொண்டால் ஆறு மாத உழைப்பு வீணாகப் போய்விடும்.

கார்ட்டலாக்ஸ் என்பது அலனின், குளுட்டாமிக் அமிலம், அஸ்பார்ட்டிக் அமிலம் என்று மூன்றே அமினோ அமிலக் கண்ணிகள் கொண்ட பெப்டைடு, அதாவது குட்டிச் சங்கிலி. மூலக்கூறு எடை சுமார் 333 டால்டன். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் விளாடிமிர் காவின்சனின் குழு உருவாக்கியது. கன்றுக்குட்டிகளின் உறுப்புகளிலிருந்து எடுத்த சாறுகளில் தொடங்கி, பிறகு ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய இரண்டு, மூன்று, நான்கு அமினோ அமிலப் பெப்டைடுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். இவ்வளவு சின்ன பெப்டைடு செல்லின் உட்கருவரை போய், டிஎன்ஏ-யோடு ஒட்டி, மரபணுக்களை ஏற்றி இறக்குகிறது என்பது அவர்கள் முன்வைக்கும் விளக்கம்.

கார்டோஜெனின் பெப்டைடே கிடையாது, சிறிய வேதி மூலக்கூறு. எடை 317 டால்டன், கிட்டத்தட்ட கார்ட்டலாக்ஸ் அளவுதான். இதனாலேயே இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும். 2012-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வில், சுமார் 22,000 மூலக்கூறுகளைச் சலித்து இதை எடுத்தார்கள். ஃபிலமின்-ஏ என்ற புரதத்தில் போய் ஒட்டுகிறது. அதனால் அதோடு ஒட்டியிருந்த சிபிஎஃப்-பீட்டா என்ற புரதம் விடுபட்டு உட்கருவுக்குள் போய், ரன்எக்ஸ்-1 புரதத்தோடு சேர்ந்து குருத்தெலும்பு மரபணுக்களை முடுக்குகிறது. எங்கே ஒட்டுகிறது, அப்புறம் என்ன நடக்கிறது என்று படிப்படியாகச் சொல்லியிருப்பதால், ஒவ்வொரு படியையும் யார் வேண்டுமானாலும் தங்கள் ஆய்வகத்தில் சோதிக்கலாம். கார்ட்டலாக்ஸுக்கு அப்படி ஒரு தெளிவான பாதை இன்னும் இல்லை. கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே குழுவிடமிருந்தும் அவர்களோடு சேர்ந்தவர்களிடமிருந்தும் வருபவை. என் கண்ணில் இது பெரிய குறை.

டிஜிஎஃப்-பீட்டா வேறு ரகம். 112 அமினோ அமிலம் கொண்ட இரண்டு சங்கிலிகள் சேர்ந்த, சுமார் 25,000 டால்டன் எடையுள்ள புரதம். எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்லைக் குருத்தெலும்பாக மாற்ற 1990-களின் கடைசியிலிருந்து எல்லோரும் போகும் வழி இதுதான். இரண்டரை லட்சம் செல்களைச் சின்னக் குழாயில் சுழற்றி அடியில் உட்காரவைத்து, மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் டிஜிஎஃப்-பீட்டா கலந்த மீடியத்தில் (செல்லுக்கான ஊட்டத் திரவம்) விட்டால், ஓரிரு நாளில் செல்கள் திரண்டு குட்டி உருண்டையாகிவிடும். மூன்று வாரத்தில் அது வெண்மையாக, பளபளப்பாக, விரலால் அழுத்தினால் எதிர்த்து நிற்கிற மாதிரி ஆகும். சீவி சஃப்ரனின்-ஓ சாயம் போட்டால் ஆரஞ்சுச் சிவப்பு அப்படியே பிடிக்கும். டிஜிஎஃப் போடாத உருண்டை சிறுத்து, சாயம் பிடிக்காமல் வெளிறிக் கிடக்கும். இந்த வித்தியாசத்தைப் பார்க்க நுண்ணோக்கிகூடத் தேவையில்லை.

அதற்காக டிஜிஎஃப் குறையில்லாதது என்று சொல்லவில்லை. அது உருவாக்கும் குருத்தெலும்பு அதே நிலையில் நிற்பதில்லை; செல்கள் ஊதிப்பெருத்து, பத்தாம் வகைக் கொலாஜனைச் சுரந்து, எலும்பாகும் திசையில் போகின்றன. மூட்டுக்கு நமக்கு வேண்டியது அது இல்லை. குட்டி மூலக்கூறுகள் மேல் ஆசை வருவதற்கு இந்தக் குறை ஒரு நல்ல காரணம்.

விலை அப்படி நல்ல காரணம் இல்லை. கணக்குப் போடுங்கள்: ஒரு உருண்டைக்கு அரை மில்லி மீடியம், வாரம் மூன்று தடவை மாற்றினால் மூன்று வாரத்தில் நான்கரை மில்லி. 24 உருண்டைக்கு 108 மில்லி. மொத்தத்தில் ஒரு மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் மேல் டிஜிஎஃப் போதும். சீரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஆகிற செலவைப் பார்த்தால் இதை மட்டும் பூதமாகக் காட்ட வேண்டியதில்லை. பொடியைக் கரைத்த பிறகு குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு வீணாகும் என்பதுதான் நிஜத் தொல்லை. அமிலத்தில் கொஞ்சம் அல்புமின் சேர்த்துக் கரைத்து, சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து உறைய வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

சரி, கார்ட்டலாக்ஸுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. ஸ்டெம் செல்லைக் குருத்தெலும்பாக்கு என்று அதைக் கேட்காதீர்கள். வயதான குருத்தெலும்புச் செல் தட்டில் திரும்பத் திரும்பப் பெருகும்போது குருத்தெலும்புக்கே உரிய இரண்டாம் வகைக் கொலாஜனை மறந்து முதலாம் வகைக்குத் தாவுகிறதே, அதைத் தள்ளிப்போடுமா என்று கேளுங்கள். அந்தக் குழு அதிகம் எழுதியிருப்பதும் செல்கள் மூப்படைவதைப் பற்றித்தான், அதனால் கேள்வி பொருந்தும். இதற்குச் செல் தேடி அலைய வேண்டாம். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் காலையிலேயே போய்த் தமிழிலேயே கேட்டு ஆட்டு முட்டி வாங்கலாம். மூட்டைத் திறந்தால் நீலம் கலந்த வெண்மையில் கண்ணாடி மாதிரி இருக்கும். பிளேடால் மெல்லிசாகச் சீவி, கொலாஜனைக் கரைக்கும் கொலாஜனேஸ் என்ற நொதியில் இரவு முழுக்க ஊறவிட்டால் செல் கிடைத்துவிடும். ஆன்டிபயாட்டிக் சேர்த்துக் கழுவுவதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆர்டர் போடும்போது முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள். ஆய்வகத்தில் செய்த பெப்டைடுகள் பெரும்பாலும் டிரைஃப்ளூரோ அசிட்டேட் உப்பாகத்தான் வரும். அந்த உப்பே எலும்புச் செல்களும் குருத்தெலும்புச் செல்களும் பெருகுவதைத் தடுக்கிறது என்று 1999-லேயே எழுதிவிட்டார்கள், அதுவும் மிகக் குறைந்த அளவில். அசிட்டேட் அல்லது ஹைட்ரோகுளோரைடு உப்பாக மாற்றித்தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் உப்பு செய்த வேலையைப் பெப்டைடின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். அப்புறம் மீடியம். நாம் தினம் ஊற்றும் டிஎம்இஎம் என்ற மீடியத்தில் அலனின், குளுட்டாமிக், அஸ்பார்ட்டிக் மூன்றுமே கிடையாது. நானோமோலார் அளவில் கவலையில்லை. பெப்டைடை நூறு மைக்ரோமோலார் என்று கொட்டினால், அது உடைந்து செல்லுக்குச் சாப்பாடாகி, அதனால் செல் நன்றாகியிருக்கலாம். ஆகவே வளர்ப்புத் தட்டின் ஒரு குழியில் அதே மூன்று அமினோ அமிலங்களைத் தனித்தனியாக, இன்னொன்றில் வரிசை மாற்றிய பெப்டைடை, வேறொன்றில் டிஜிஎஃப்-பீட்டாவைக் கட்டாயம் வையுங்கள். கார்டோஜெனினும் இருந்தால் அதைக் கரைத்த டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானுக்குத் தனிக் குழி வேண்டும்.

முதல் சுற்றுக்கு எதை வாங்கலாம் என்று ஒரே வரியில் கேட்டால்: டிஜிஎஃப்-பீட்டா கட்டாயம், கார்டோஜெனின் கையில் இருந்தால் நல்லது, கார்ட்டலாக்ஸ் கேள்வி தெளிவான பிறகு. ஊரிலிருக்கும் சித்தப்பாவோ பெரியம்மாவோ முட்டிவலிக்கு இந்தப் பொடியை ஊசியாகப் போடலாமா என்று உங்களிடம் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆய்வுக்கு விற்கும் பொடி உடம்பில் ஏற்றும் தரத்துக்குச் சோதிக்கப்பட்டது இல்லை. ஒழுங்காக மருத்துவச் சோதனை நடந்த ஸ்ப்ரிஃபெர்மின் என்ற எஃப்ஜிஎஃப்-18 புரதத்திலேயே, 549 பேரிடம் இரண்டு வருடம் பார்த்ததில் அதிக அளவு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பின் தடிமன் கொஞ்சம் கூடியது. வலியில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.