அறுபதைத் தாண்டியவருக்கு எது தோது: நாற்று நடவா, டிரம் சீடரா?

சொர்ணவாரிப் பருவத்து நெல்லைச் சித்திரை, வைகாசிக்குள் வயலில் இறக்கியாக வேண்டும், இடுப்போ ஒத்துழைக்கவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் வயதான உழவர்கள் பலருக்கும் இதே குழப்பம்தான்.

ஆள்: நாற்றுப் பறிக்க, நாற்றுக்கட்டு சுமக்க, நட என்று நடவுக்கு ஒரு கூட்டமே வேண்டும். டிரம் சீடர் என்பது முளைகட்டிய விதையைத் துளையுள்ள உருளைகளில் போட்டுச் சேற்று வயலில் இழுக்கும் கருவி. ஒருவர் இழுத்தால் எட்டு வரிசை விதை விழும்.

நாள்: நடவில் நாற்றங்காலுக்கே மூன்று வாரம். டிரம் சீடரால் நேரடியாக விதைத்தால் அது மிச்சம். அறுவடையும் 7 முதல் 10 நாள் முந்தும்.

களை: இங்கேதான் இடிக்கிறது. நட்ட வயலில் பயிர் முந்திக்கொள்ளும், தண்ணீர் கட்டிக் களையை அமுக்கலாம். விதைத்த வயலில் நெல்லும் களையும் சேர்ந்தே முளைக்கும். ஆள் மிச்சம் என்று நினைத்தவர், முதல் மாதமே கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவியைத் தள்ள ஆள் தேடுவார்.

வயல்: பள்ளத்தில் தண்ணீர் நின்றால் விதை அழுகும். முளை நீண்டுவிட்டால் துளையில் சிக்கும். விதைத்த அன்றே கோடை மழை கொட்டினால், சரி, வரிசையை மறந்துவிடலாம்.

சமமான வயல், நல்ல வடிகால் இருந்தால் டிரம் சீடர். கோரை மண்டும் பள்ளக்காடு என்றால் நடவுதான். அதையும் வாடகை எந்திரத்திடம் விட்டுவிடுங்கள்.