மடிப்பு வள்ளமா, காற்று வள்ளமா? ட்ரெயிலர் இல்லாத ரொறன்ரோக்காரருக்கு

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ இருந்துகொண்டு, சனிக்கிழமை விடியற்காலையில் ஒரு சின்ன ஏரிக்குப் போய், கரையிலிருந்து தூண்டில் எறிந்து எட்டாத அந்தக் களைத்திட்டின் ஓரத்தில் நின்று பிடிக்க வேண்டும். ட்ரெயிலர் இல்லை. இருந்தாலும் நிறுத்த இடமில்லை. இந்த நிலையில் உள்ளவருக்குத் தெரிவு இரண்டுதான். ஒன்று, காற்றடிக்கும் பிவிசி வள்ளம். மற்றது, போர்ட்டா-போட் போல பொலிபுரொப்பிலீன் பலகையால் ஆன மடிப்பு வள்ளம்.

12 அடி அலுமினிய வள்ளம் பற்றி ஒரு வரி போதும்: கராஜும் தூக்க இன்னொரு ஆளும் இருந்தால் அதையே வாங்குங்கள், மேலே வாசிக்க வேண்டாம். கயாக் தனியாள் சமாச்சாரம். மகனையோ மச்சானையோ கூட்டிக்கொண்டு, மீன் பெட்டியும் வைத்துக்கொண்டு போக அது சரிவராது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மடிப்பு வள்ளம். நான் பாவிப்பதும் அதைத்தான். காரணம் வேகமோ அழகோ இல்லை. ஈரம்.

அதற்கு முன், சட்டென்று தீர்ந்துவிடுகிற விஷயங்கள். விலையில் காற்று வள்ளம்தான் வெல்கிறது. துடுப்பு, பம்பு எல்லாம் சேர்த்து இன்டெக்ஸ் வகைகள் சில நூறு டொலருக்கு வந்துவிடும். உயர் அழுத்தத் தரை போட்ட நல்ல பிவிசி வள்ளம் ஆயிரத்தைத் தாண்டும், புது மடிப்பு வள்ளம் அதையும் தாண்டும். ஆயத்த நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 12 வோல்ற் பம்பால் காற்றடிக்க 10, 15 நிமிடம். கைபழகிய இரண்டு பேர் மடிப்பு வள்ளத்தை விரிக்கவும் அவ்வளவுதான் ஆகும். முதல் தடவை மட்டும் முக்கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள், அதுவும் வீட்டு முற்றத்தில், பார்வையாளர் இல்லாமல்.

ஆட்டம் காணாமல் நிற்பதிலும் காற்று வள்ளத்துக்கே மதிப்பெண். இரண்டு பக்கக் குழாய்களும் சாய விடாது. 8, 10 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்றேற்றிய தரையில் எழுந்து நின்று தாராளமாக எறியலாம். மடிப்பு வள்ளத்தின் அடிப்பலகை காலுக்குக் கீழே நெளியும். அலை போவது பாதத்தில் தெரியும். அது பழுதில்லை, அந்தப் பொருளின் குணமே அப்படி. ஆனால் முதல் நாள் ஏறுபவர் முகம் மாறும்.

உள்ளிடத்தில் கதை தலைகீழ். வெளியகலம் 1.5 மீற்றர் என்று பெட்டியில் போட்டிருக்கும் காற்று வள்ளத்தில், பக்கத்துக்கு 40 சென்ரிமீற்றர் குழாய் போனால் உள்ளே மிஞ்சுவது 70 சென்ரிமீற்றர். இரண்டு பேர், பற்றரி, நங்கூரம், மீன் பெட்டி, தூண்டில் பெட்டி என்று வைத்துவிட்டுக் காலை எங்கே வைப்பது? மடிப்பு வள்ளத்தின் பக்கச்சுவர் விரலளவு தடிப்புகூட இல்லை. அகலம் முழுதும் உங்களுக்கே.

பொத்தலைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நல்ல பிவிசி நாம் பயப்படுகிற அளவுக்கு மெல்லியது இல்லை. மெல்லிய வினைல் வகைகளுக்குத்தான் ஆபத்து. அதிலும் தூண்டில் முள்ளைவிட மீன் முள்தான் மோசம்: வால்ஐ மீனின் முதுகு முள், நம் ஊர்க் கெளிறுபோலப் பக்கமுள்ளை விறைத்துக்கொண்டு துள்ளும் புல்ஹெட். மீனைக் கழற்றும்போது அடியில் ஒரு தடித்த றப்பர் விரிப்பைப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஒட்டுப் போடுவதென்றால் துடைத்துக் காயவிட்டு, பிவிசிக்கான இரட்டைப் பசை பூசி, 24 மணித்தியாலம் அமுக்கி வையுங்கள். ஏரிக்கரையில் ஒட்டிவிட்டு உடனே இறங்குவது வேலைக்காகாது. இன்னொன்று: வெயிலில் கல்லுப்போல ஏற்றிய வள்ளம் குளிர் நீரில் இறங்கியதும் தொளதொளக்கும். ஓட்டை என்று பயப்பட வேண்டாம், உள்ளே காற்று சுருங்கியிருக்கிறது. கைப்பம்பைக் கூட எடுத்துப் போய் நீரில் வைத்தே நிரப்புங்கள். திரும்பக் கரையேற்றி வெயிலில் விடும்போது கொஞ்சம் காற்றை இறக்கிவிடவும் மறக்கக் கூடாது.

இனி ஈரம்.

ஒன்ராறியோவில் 2022 ஜனவரி 1 முதல் ஒரு விதி இருக்கிறது. வள்ளத்தைத் தரை வழியாகக் கொண்டுபோகுமுன் அடைப்பான்களைத் திறந்து நீரை வடிக்க வேண்டும், ஒட்டியிருக்கும் நீர்க்களை, பாசி, உயிரினங்களை அகற்ற வேண்டும். சீப்ரா மசல் என்ற சிப்பிதான் முக்கிய எதிரி. அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது, ஒரு கரண்டி நீரில் பயணம் செய்யும். ரைஸ் லேக்கில் சனிக்கிழமை பிடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வடக்கே ஒரு சின்ன ஏரியில் இறங்குகிறவர்தான் அதற்கு வாகனம். 50 பாகை வெந்நீரால் கழுவுவது, உயர் அழுத்த நீரால் அடிப்பது, அல்லது இரண்டு முதல் ஏழு நாள்வரை வெயிலில் காயவிடுவது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் வழி. சட்டத்தை விடுங்கள், ஈரத்தோடு சுருட்டிய பிவிசியில் ஒரு கிழமைக்குள் கரும்புள்ளி விழும். பூஞ்சையைக் கொல்லலாம், கறை போகாது. மணம் அதற்குப் பிறகும் நிற்கும்.

காற்று வள்ளத்தில் நீர் ஒளிகிற இடங்களைப் பாருங்கள். தரைக்கும் குழாய்க்கும் இடையில் கை நுழையாத ஒரு பிளவு முழு நீளத்துக்கும் ஓடும். தரையைக் கழற்றினால் அதன் கீழே மணலும் நீரும் இருக்கும். அந்த மணலைக் கழுவாவிட்டால் அடுத்த பயணத்தில் அதுவே அரத்தாள் வேலை பார்த்து அடித்துணியைத் தேய்க்கும். வால்வு மூடிகளைச் சுற்றி, துடுப்புக் கொளுவியின் ஒட்டுகளுக்கு அடியில், பின்பலகை ஒட்டிய மூலைகளில் என்று இன்னும் இருக்கிறது. துவாயால் துடைத்துத் தீராது. திரும்பக் காற்றடித்து, கவிழ்த்து, தரையைத் தனியாக நிமிர்த்தி வைத்து, மின்விசிறி போட்டு ஓர் இரவு விட வேண்டும். 3.3 மீற்றர் நீளமும் 1.5 மீற்றர் அகலமும் உள்ள ஒன்றை எங்கே விரிப்பது? கொண்டோ பல்கனியில் அடங்காது. நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் விரித்தால் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வரும். வரவேற்பறையில் விரித்தால் அதைவிடப் பெரிய நிர்வாகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் பலர் ஏரிக்கரையிலேயே காயவைக்கப் பார்ப்பார்கள். யூன் மாதத்து அந்திவேளையில், நுளம்புக்கு நடுவில், ஒரு மணித்தியாலம். மூன்றாவது நான்காவது பயணத்தில் "இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்" என்று ஈரத்தோடே சுருட்டுவார்கள். வள்ளம் கெடத் தொடங்குவது அங்கேதான். மீன்பிடிக்கப் போவது குறையத் தொடங்குவதும் அங்கேதான்.

மடிப்பு வள்ளத்தில் இந்த வேலை பத்து நிமிடம். நீர் உறிஞ்சாத வழுவழுப்பான பலகை அது. கரையேற்றியதும் கவிழ்த்து நீரை ஊற்றி, இருக்கைகளைக் கழற்றி, உள்ளும் புறமும் துவாயால் ஒரு இழுப்பு. நீர் தங்குகிற இடங்கள் மூன்று: அணியத்தின் (முன்முனையின்) மடிப்பு, அடி நடுக்கோட்டு மடிப்பு, கடையார்ப் பலகை (பின்முனைப் பலகை) உடலோடு சேரும் மூட்டு. மடித்தபின் கடையார்ப் பக்கம் தரையில் இருக்கும்படி காரில் சாய்த்து நிமிர்த்திவைத்தால், தூண்டில்களை எடுத்து வைக்கிற நேரத்தில் மடிப்புகளிலிருந்து வடிந்துவிடும். மூட்டு இடுக்கில் மில்ஃபொயில் களையின் நூலொன்று எப்போதும் மாட்டியிருக்கும். பழைய பல்துலக்கி ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டால் எடுத்துவிடலாம். வீட்டில் சுவரோரம் சாத்தி, மடிப்பு வாயில் ஒரு மரத்துண்டைச் செருகி நாலு விரல் அளவுக்குத் திறந்து விட்டால் விடிய மடிப்புக்குள் ஈரம் இருக்காது. கண்ணுக்குத் தெரியாததற்கும் பயம் என்றால் ஒரு கேத்தில் வெந்நீர். மூன்று கோடுகளிலும் ஊற்ற அது காணும்.

ஆனால் ஒரு பொல்லாப்பு இருக்கிறது, விற்கிறவர்கள் அதை மெதுவாகத்தான் சொல்வார்கள். மடிப்பு வள்ளம் அகலத்தில்தான் மடியும், நீளத்தில் இல்லை. 10 அடி வகை மடித்தபின் 10 சென்ரிமீற்றர் தடிப்பு, ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் அகலம். நீளம் மட்டும் அதே 3.2 மீற்றர். கொண்டோ லிஃப்றில் அது ஏறாது. 8 அடி வகையைச் சாய்த்து நுழைக்கலாம், அதுவும் லிஃப்றின் கதவையும் உள்மூலையையும் அளந்து பார்த்தபின்தான். பேஸ்மென்றுக்கு நேர்ப்படி என்றால் போகும். நடுவில் திரும்பும் படி என்றால் போகாது. கராஜ் சுவர், வீட்டுப் பக்கச் சந்து, நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நீளமான லொக்கர் இவற்றில் ஒன்று இல்லாதவர் 15ஆம் மாடியில் இருந்தால், நான் இவ்வளவு சொன்னபிறகும் காற்று வள்ளம்தான் வாங்க வேண்டும். காயவைக்க நண்பர் ஒருவரின் பின்முற்றத்தையும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

காரில் ஏற்றுவது சுலபம். 10 அடி உடல் 30 கிலோவுக்குக் கிட்ட, மாடலுக்கு மாடல் சற்று மாறும். இருக்கைகள் தனி. கார்க் கூரையின் பின் றாக் கம்பியில் துவாய் போட்டு, ஒரு முனையை அதில் சாய்த்து, மறுமுனையைத் தூக்கித் தள்ளினால் ஒருவரே போதும். தட்டையாகக் கிடப்பதால் 401 நெடுஞ்சாலையில் போகும்போது முன்விளிம்பைக் காற்று தூக்கப் பார்க்கும். இரண்டு குறுக்குப் பட்டிகள் மட்டும் போதாது, அணியத்திலிருந்து முன்பக்கக் கொளுவிக்கு ஒரு கயிறு கட்டாயம். பட்டியை அரை முறுக்கு முறுக்கிக் கட்டினால் வழிநெடுக ரீங்காரம் போடாது. பல்சக்கரப் பட்டியால் இறுக்கி மடிப்பை நசுக்காதீர்கள், சாதாரணக் கொக்கிப் பட்டி போதும்.

விரிக்கும்போது கவனிக்க வேண்டியது குளிர். புது உடல் விறைப்பாக இருக்கும். பனி உருகிய ஏப்ரல் காலையில் இன்னும் விறைக்கும். கூட வருகிற விரிப்புக் கட்டையை நடுவில் கொடுத்து நிமிர்த்தி, கடையார்ப் பலகையைப் பொருத்தி, பிறகு இருக்கைகள். கட்டை நழுவினால் பக்கங்கள் பொறிபோலத் திரும்பி மூடும், விரல் கவனம். புதிதாக வாங்கியதும் கோடை வெயிலில் சில நாள் விரித்தபடியே விட்டால் மடிப்புகள் இளகும். குளிர்கால உறைநிலையில் அதை விரிக்கவும் வேண்டாம், கீழே போடவும் வேண்டாம். பொலிபுரொப்பிலீன் கடுங்குளிரில் நொறுங்கும் தன்மைக்குப் போகும். இருக்கைக் கால்களுக்கான பூட்டு முள்களில் இரண்டை மேலதிகமாக வாங்கித் தூண்டில் பெட்டியில் போட்டுவையுங்கள். புல்லில் விழுந்தால் தேடி எடுப்பது கடினம்.

மோட்டாருக்கு, சின்ன ஏரியில் மின் மோட்டார் போதும். ஒரஞ்வில்லின் ஐலன்ட் லேக் போன்ற இடங்களில் பெற்றோல் மோட்டாருக்கு அனுமதியே இல்லை. 30 முதல் 45 இறாத்தல் உந்துவிசை உள்ளது 12 வோல்ற்றில் ஓடும். முழுவேகத்தில் 30 முதல் 42 அம்பியர்வரை இழுக்கும். ஆகவே 50 அம்பியர்-மணி லித்தியம் பற்றரி முழுவேகத்தில் ஒரு மணித்தியாலத்தைச் சற்றே தாண்டும், பாதி வேகத்தில் காலைப்பொழுது முழுதும் வரும். ஈயப் பற்றரியின் 25 கிலோவைக் கடையாரில் வைத்தால் அணியம் தூக்கிக்கொண்டு காற்றில் சுழலும். அதை நடு இருக்கைக்கு முன்னே வைத்து நீள வயர் இழுப்பது நல்லது. மின் மோட்டார் என்றாலும் வள்ளம் ஓட்டும் அட்டை வேண்டும், துடுப்புப் போட்டால் வேண்டாம். 2.5 குதிரைவலுப் பெற்றோல் மோட்டாரில் மடிப்பு வள்ளம் நன்றாக ஓடுகிறது என்பார்கள். என் பழக்கம் மின் மோட்டாரோடு நிற்பதால் அதற்குமேல் சொல்லவில்லை.

காற்று இரண்டையும் அடித்துக்கொண்டுதான் போகும், காற்று வள்ளத்தை இன்னும் வேகமாக. 3, 4 கிலோ நங்கூரமும் 20 மீற்றர் கயிறும் சின்ன ஏரிக்குத் தாராளம். காற்று எழுந்தால் அணியத்தில் மட்டும் கட்டுங்கள். கடையாரில் கட்டினால் தாழ்ந்த பின்பலகை வழியாக அலை உள்ளே வரும். குறாப்பி, பேர்ச் மீன்களுக்கு ஒரே இடத்தில் அசையாமல் நிற்க, காற்றில்லாத காலையில் இரண்டு முனையிலும் போடலாம். காற்று வள்ளத்தில் நங்கூரத்தை ஒரு வாளிக்குள் வைத்திருங்கள், அதன் கொளுக்கி குழாயில் உரசக்கூடாது. உயிர்காப்பு அங்கி, 15 மீற்றர் மிதவைக் கயிறு, நீர் இறைக்கும் கோப்பை, விசில் எல்லாம் எந்த வள்ளத்துக்கும் ஒன்றே.

பழையது வாங்குவதென்றால் காற்று வள்ளத்தை வேண்டாம் என்பேன். பசைமூட்டின் வயதைக் கண்ணால் சொல்ல முடியாது. மடிப்பு வள்ளம் வருடங்கள் போனாலும் விலை பெரிதாக இறங்காது, ஏனென்றால் அதன் குறைகள் பார்த்தாலே தெரியும். மடிப்புக் கோட்டில் வெளிறல் இருக்கும், அது சாதாரணம். நகம் சிக்கும் வெடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். இந்தப் பிளாஸ்ரிக்கில் பசை ஒட்டாது, உருக்கி ஒட்டுவதற்கு ஆள் தேட வேண்டும். வெளிப்புறத்தைக் கையால் தேயுங்கள். வெள்ளைத் தூள் கையில் வந்தால் வருடக்கணக்காக வெயிலில் கிடந்தது. பிறகு விரிக்கச் சொல்லி, ஐந்து வாளி நீரை உள்ளே ஊற்றிக் கடையார் மூட்டுக்கு அடியில் பாருங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் போல்ற் இறுக்குவதோடு போகும். ஓடினால் அடைப்புப் பட்டி மாற்ற வேண்டும், அதற்கேற்ப விலை பேசலாம். இருக்கைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். தனி இருக்கை தேடி வாங்குவது சிரமம், அது இல்லாமல் வள்ளம் விரிந்தே நிற்காது.