படகின் தேக்குச் சட்டங்களுக்கு எந்தப் பூச்சு? யாழ்ப்பாணத்து வெயிலில் நான்கு ஆண்டு அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கைபிடிச் சட்டங்களுக்கும் விளிம்புச் சட்டத்துக்கும் நிறமி கலந்த மரப்பூச்சு. கால் மிதிபடும் படிகளுக்கு ஒன்றுமே வேண்டாம், வெறுந்தேக்கே போதும். வானிஷ் அடிப்பதென்றால் கூரை நிழலுக்குள் இருக்கும் கதவுக்கும் சுக்கான் தடிக்கும் மட்டும். தேக்கெண்ணெய் என்று ரின்னில் விற்பதை எதற்கும் வாங்க வேண்டாம்.

ஊர்காவற்றுறைக் கரையில் ஆண்டு முழுதும் தண்ணீரில் நிற்கும் 28 அடி பைபர் படகு ஒன்றில், வெவ்வேறு சட்டங்களுக்கு வெவ்வேறு பூச்சுப் பூசி நான்கு ஆண்டுகள் கவனித்ததில் கிடைத்த முடிவு இது. வெளியில் தெரியும் தேக்கு எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 3 சதுர மீற்றர் வரும். கீழே சொல்லும் அளவுகள் அந்தப் பரப்புக்கானவை.

பூச்சு வாங்கப் போகிறவர்கள் எது கனகாலம் நிற்கும் என்றுதான் கேட்கிறார்கள். நமது வெயிலில் எதுவும் கனகாலம் நிற்காது. பழுதானால் எதை அரை நாளில் திருத்தலாம் என்று கேட்டு வாங்கினால் காசும் மிச்சம், மரமும் மிச்சம்.

தெளிந்த வானிஷ் ஏன் உரிகிறது என்று விளங்கினால் மற்றது எல்லாம் விளங்கும். கண்ணாடி போன்ற பூச்சினூடாக வெயில் மரத்துக்குள் போகிறது. மரநார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைப் புறஊதாக் கதிர் சிதைக்கிறது. பூச்சு நல்லபடி இருக்கும்போதே அது பற்றியிருந்த மேல்மரம் பொடியாகிவிடும். உரிந்து வந்த வானிஷ் தகடு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள்: மேற்பக்கம் இன்னும் பளபளக்கும், அடிப்பக்கத்தில் மெல்லிய மரத்தூள் மாப்போல ஒட்டியிருக்கும். புறஊதாத் தடுப்புச் சேர்த்த கடல் வானிஷ் இதைத் தாமதப்படுத்தும். வீட்டுத் தளபாட வானிஷில் அந்தத் தடுப்புப் போதாது, வெளியில் ஓர் ஆண்டு தாங்காது. குறிகட்டுவானில் நிற்கும் மரவள்ளங்களுக்கு நிறப் பெயின்ற் அடித்திருப்பதில் அழகு மட்டுமல்ல, காரணமும் உண்டு. நிறமி வெயிலை மேலேயே மறித்துவிடுகிறது.

நிறமி கலந்த மரப்பூச்சு வானிஷுக்கும் பெயின்ற்றுக்கும் நடுவில் உள்ளது. நாங்கள் பயன்படுத்தியது செட்டோல் மரீன். மூன்று கை, அதாவது மூன்று தடவை பூச்சு, ஒவ்வொன்றுக்கும் 24 மணிநேர இடைவெளி. ஒரு லீற்றருக்கு உட்பட்ட ரின் ஒன்றே 3 சதுர மீற்றருக்குப் போதும். நிறமி அடியில் தங்கிவிடும். ரின்னைக் குலுக்கினால் குமிழி வரும், அகலமான தடியால் அடியிலிருந்து வழித்துக் கலக்குங்கள். வேலை செய்யும்போதும் அரை மணிக்கொரு தடவை கலக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தின் ஒரு தலைப்பு வெளிறியும் மறு தலைப்புக் கருத்தும் போகும்.

இதன் குறை நிறம்தான். முதல் மாதங்களில் செம்மஞ்சள் தூக்கலாகத் தெரியும். தேக்கின் இயல்பான பொன்னிறத்தை விரும்புகிறவர்களுக்கு அது பிடிக்காது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் பராமரிப்பைப் பாருங்கள். மாரி தொடங்கமுன் ஒரு கை, மாரி முடிந்து மாசியில் ஒரு கை, அவ்வளவுதான். குளிரான நாடுகளில் ஆண்டுக்கு ஒரு கை போதும் என்பார்கள். இங்கே வானம் பார்த்த மேல்முகத்துக்கு அது போதவில்லை, பக்கமுகங்களுக்குப் போதும். மறுபூச்சுக்கு முன் உப்புத்தாள் தேவையில்லை. சவுக்காரத் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சைத் தேய்ப்பானும் கொண்டு மினுக்கம் மங்கும்வரை தேய்த்து, கழுவி, காயவிட்டு அடிக்கலாம். கயிறு உராய்ந்த இடத்தை மட்டும் தேய்த்து ஒட்டுப் போட்டாலும் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. கைமேல் கை ஏறினால் மரவரி மறைந்து கபிலநிறப் பெயின்ற் போலாகிவிடும். எங்களுக்கு மூன்றாம் ஆண்டு முடிவில் மேல்முகத்தைச் சுரண்டி மரம் காணவேண்டி வந்தது.

வானிஷின் அழகுக்கு ஈடு இல்லை, அதை மனதாரச் சொல்கிறோம். எட்டுக் கை ஏறிய தேக்குக் கதவில் காலை வெயில் பட்டால் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஆனால் எட்டுக் கை அடிக்கத் துணிவில்லையென்றால் தொடங்கவே வேண்டாம். மூன்று கை வானிஷ், கோடை ஒன்றுக்கும் தாங்காது. நாங்கள் எடுத்தது எபிபேன்ஸ் என்ற கடல் வானிஷ். முதல் கைக்கு வானிஷும் தின்னரும் சரிபாதி, அது மரத்துக்குள் இறங்கவேண்டியது. இரண்டாம் கைக்கு 25 சதவீதம் தின்னர், மூன்றாவதற்கு 15, பிறகு 5 முதல் 10 வரை. ஒவ்வொரு கைக்கும் இடையில் ஒரு நாள் விட்டு 320 உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துத் தூசி துடைக்க வேண்டும். முழுப்பரப்புக்கும் அடிப்பதென்றால் இரண்டரை லீற்றர் வரை போகும், பத்து நாள் வேலை. பிறகும் வெயில் படும் முகத்துக்கு நான்கு மாதத்துக்கொருமுறை இரண்டு கை. இந்த ஒழுங்கை ஒருமுறை தவறவிட்டாலும் போச்சு, சுரண்டித்தான் தொடங்கவேண்டும். அதனால்தான் நிழலுக்குள் இருக்கும் துண்டுகளோடு நிறுத்துங்கள் என்கிறோம். வெளிச்சட்டங்களுக்கு வானிஷ்தான் வேண்டுமென்று நிற்பவர்கள் தடித்த சீலையில் உறை தைத்துப் போடட்டும். ஒரு கை கூடுதலாக அடிப்பதிலும் பார்க்க உறை பயன் தரும்.

இரு பகுதிகளைக் கலந்து அடிக்கும் பொலியூரித்தேன் கடினமானது, மினுக்கம் நீடிக்கும். ஆனால் மரம் விரிந்து சுருங்கும்போது அது மரத்தோடு சேர்ந்து வளையாது. மூட்டில் ஒரு மயிரிழை வெடித்தால் தண்ணீர் உள்ளே போய்த் தகடு தகடாகக் கிளப்பும், ஒட்டுப் போடவும் முடியாது. அதன் ஆவியும் நுரையீரலுக்குக் கெடுதி, தூசிக்குக் கட்டும் சாதாரண முகமூடி அதை மறிக்காது.

தேக்கெண்ணெய் என்று விற்பதில் பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயோ டங் எண்ணெயோ, கொஞ்சம் வானிஷ், மிச்சம் தின்னர். பூசிய முதல் மூன்று கிழமை தேன்நிறத்தில் மனதை அள்ளும். மாரியில் அந்த எண்ணெயே பூஞ்சணத்துக்கு உணவாகி, மார்கழிக்குள் சட்டம் முழுதும் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளி. தேங்காயெண்ணெய் இன்னும் மோசம், அது காயும் எண்ணெயே அல்ல. ஊத்தையைப் பிடித்துக்கொண்டு பிசுபிசுத்தபடி இருக்கும். ஆளிவிதை எண்ணெய் தொட்ட சீலைத்துண்டுகளைக் குவித்துப் போடாதீர்கள். அவை தாமே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தி வையுங்கள்.

வெறுந்தேக்கைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. மரத்தின் எண்ணெய் அதைக் காக்கும், சில மாதங்களில் வெள்ளி நரையாகும், ஈரத்திலும் கால் வழுக்காது. கிழமைக்கொருமுறை கடல் தண்ணீர் அள்ளி ஊற்றி, மென்மையான தூரிகையால் நார் ஓட்டத்துக்குக் குறுக்காகத் தேய்த்தால் போதும். நாரோடு சேர்த்து வன்தூரிகையால் தேய்த்தாலோ அழுத்தக் குழாயால் பீய்ச்சினாலோ வளையங்களுக்கு இடையிலுள்ள மென்மரம் பறந்து, மேற்பரப்பு வரம்பும் வாய்க்காலுமாகிவிடும். அந்த வாய்க்காலில்தான் பாசி தங்கும். ஆனால் வைரம் பாய்ந்த மரத்துக்கே இது பொருந்தும். இளந்தேக்கில் ஓரத்தில் மஞ்சள் வெளுப்பாக வரும் வெளிறுக்கு அந்த எண்ணெய்க் காவல் இல்லை. சட்டம் வாங்கும்போதே வெளிறை அறுத்து நீக்கச் சொல்லுங்கள்.

எந்தப் பூச்சானாலும் வேலையின் முக்கால் பங்கு தயாரிப்பில் இருக்கிறது. பழைய பூச்சைச் சுரண்டியபின் கறுத்த இடங்களுக்கு ஒட்சாலிக் அமிலம், ஒரு லீற்றர் வெந்நீருக்கு 80 கிராம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், அது நஞ்சு. இருபது நிமிடம் விட்டு, லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, நன்றாகக் கழுவுங்கள். இரண்டு நாள் காயவேண்டும். பிறகு 80, 120, 180 என உப்புத்தாள் மாற்றி நார் ஓட்டத்தோடு தேய்க்க வேண்டும், குறுக்கே போன கீறல் பூச்சுக்குப் பின்தான் பல்லிளிக்கும். இரும்பு நார்ப்பஞ்சை மட்டும் தொடாதீர்கள். அதன் துணுக்குகள் நாருக்குள் இருந்து கறள் பிடித்துக் கறுப்புப் பொட்டாகும். கடைசியாக அசிற்றோன் நனைத்த வெள்ளைத் துணியால் மஞ்சள் கறை வருவது குறையும்வரை துடைத்து, ஒரு மணிநேரத்துக்குள் முதல் கையை அடித்துவிடுங்கள். தாமதித்தால் மரத்தின் எண்ணெய் உள்ளிருந்து மேலே ஏறி, பூச்சைப் பிடிக்க விடாது.

பழுது எங்கே தொடங்கும் என்று தெரிந்தால் அங்கே கண் வைக்கலாம். திருகாணித் தலையை மூடிய மரமுளையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அதன் விளிம்பில் நகத்தின் வெள்ளைப் பிறை அளவில் ஒரு வெளிறல் தெரியும். தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று பொருள். அந்தக் கிழமையே சுற்றிலும் இரண்டு விரலகலம் தேய்த்து, மெல்லிதாக நான்கு கை அடித்தால் கதை முடியும். இரண்டு மாதம் விட்டால் அந்தப் பிறை உள்ளங்கை அளவாகும். இதே கண்காணிப்பு சட்டங்கள் பொருந்தும் மூட்டுக்கும், அறுத்த தலைப்புக்கும் வேண்டும். தலைப்பு, நார்க்குழாய்கள் வாய் திறந்திருக்கும் இடம், மற்ற இடத்திலும் இரண்டு கை கூடுதலாகக் குடிக்கும்.

காலம் பார்ப்பது இங்கே பாதி வெற்றி. மாரி ஐப்பசி முதல் மார்கழி வரை. வைகாசி தொடங்கிச் சோளகக் காற்று உப்பையும் புழுதியையும் அள்ளி வரும், ஈரப்பூச்சில் அது மணல் ஒட்டியதுபோல் ஆகும். மாசி நடுப்பகுதியிலிருந்து சித்திரை நடுவரைதான் நல்ல இடைவெளி. அப்போதும் மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பதை மறக்காதீர்கள். பனி உலர்ந்து, மரத்தைத் தொட்டால் சில்லென்று இல்லாதபோது, ஏழரை எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடியுங்கள். உச்சிவெயிலில் அடித்தால் மேல்தோல் முந்திக் காய்ந்து, அடியிலுள்ள தின்னர் வெளியேற வழியின்றிக் கொப்புளிக்கும். மாலையில் அடித்தால் இரவுப் பனி இறங்கி மினுக்கம் பால்நிறமாக மங்கும். மாஸ்கிங் ரேப்பை அன்றே, பூச்சுத் தொட்டால் ஒட்டாத பதத்தில் உரித்துவிடுங்கள். இரண்டு நாள் வெயில் கண்ட ரேப்பின் பசை பைபரிலேயே தங்கிவிடும்.

கழுவும் தண்ணீர் யாழ்ப்பாணத்துக்கே உரிய தலையிடி. சுண்ணாம்புக்கல்லினூடாக வரும் கிணற்றுத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால், பூச்சின்மேல் வெள்ளை வளையங்கள் விழுந்து நிலைத்துவிடும். தீவுப் பக்கம் பல கிணறுகள் உவர், அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகத்தான் முடியும். மழைத்தண்ணீர் ஒரு வாளி சேமித்து வைத்து, படகு ஓடி வந்த பிறகு ஈரத்துணியால் சட்டங்களை மட்டும் துடைத்து, உடனே காய்ந்த துணியாலும் துடையுங்கள். 28 அடிப் படகுக்கு அரை வாளி தாராளம்.

ஒட்டுப் போடத் தேவைப்படும் மிச்சப்பூச்சைப் பெரிய ரின்னிலேயே விட்டால் அடுத்த முறை திறக்கையில் தடித்த ஆடை கட்டியிருக்கும். 100 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தல்களில், கழுத்துவரை காற்று இடமில்லாமல் நிரப்பி மூடி, பூச்சின் பெயரும் திறந்த மாதமும் எழுதி, வீட்டில் நிழலான இடத்தில் வையுங்கள். படகின் பெட்டிக்குள் வேண்டாம், அங்கே வெக்கை கூடுதல். எடுக்கும்போது பழைய நைலோன் காலுறைத் துண்டால் வடிகட்டி, தேவையானதை வேறொரு கிண்ணத்தில் ஊற்றி, தூரிகையை அதில் மட்டும் தோயுங்கள்.