உறைபனிப் பள்ளத்துக்கு எந்த மரம்? கற்பூரமா, பைனா, காட்டுப்பூவரசா?

ஊட்டிக்கு அருகே தலைகுந்தா பக்கம் பள்ளத்தில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிற நிலம் எங்களுடையது. டிசம்பர், ஜனவரி காலைகளில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். மேற்கு எல்லையில் காற்றைத் தடுக்க மரம் வேண்டியிருந்தது. நர்சரியிலும் அக்கம்பக்கத்திலும் விசாரித்ததில் மூன்று பெயர்கள் மிஞ்சின: கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன், காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்). நான் வைத்தது காட்டுப்பூவரசு. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கற்பூரம் மளமளவென்று வளரும், விறகாகும், தைலம் தரும். வெட்டினால் மறுபடி துளிர்க்கும். பைன் நேராக ஓங்கும். ஆனால் ஊசிச் சருகு கோடையில் தீப்பிடிக்கும், அடியில் புல்கூடச் சரியாக வராது. காட்டுப்பூவரசு ஆமை வேகம். அவசரக்காரர்களுக்கு அது ஆகாது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறு: மரத்துக்குள் தண்ணீர் ஏறும் சைலக்குழாயின் அகலம்.

சைலம் என்பது மரத்தின் நீர் கடத்தும் திசு. அதில் நீரைக் கடத்துகிற செல்கள் உயிரற்றவை. உள்ளே இருந்ததெல்லாம் மறைந்து, லிக்னின் என்ற உறுதிப்பொருள் ஏறிய சுவர் மட்டும் நிற்கும். அந்த வெற்றுக்குழாயில்தான் தண்ணீர் போகிறது. உயரமான மரத்தின் உச்சிவரை தள்ளிவிட வேர் அழுத்தம் போதாது. இலை நீராவியை வெளியேற்ற, மேலிருந்து ஓர் இழுவிசை உண்டாகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால் அந்த இழுப்பு வேர்வரை இறங்குகிறது. 1894இல் டிக்சன், ஜோலி என்ற விஞ்ஞானிகள் முன்வைத்த விளக்கம் இது. இப்படி இழுபட்டு நிற்கும் நீருக்குப் பெரிய எதிரி காற்றுக்குமிழி. குமிழி விரிந்தால் அந்தக் குழாயில் ஓட்டம் நின்றுவிடும்.

குமிழி உண்டாக உறைபனி நல்ல சந்தர்ப்பம். நீரில் கரைந்திருக்கும் காற்றுக்குப் பனிக்கட்டியில் இடமில்லை. தண்டு உறையும்போது அது குமிழிகளாக ஒதுங்கும். வெயில் ஏறிப் பனி உருகும்போது குமிழி சிறியதாக இருந்தால் திரும்பக் கரைந்துவிடும். பெரியதாக இருந்தால் இலையின் இழுவையில் விரிந்து குழாயை அடைக்கும். குழாய் அகலமாக இருந்தால் குமிழியும் பெரிதாகும். சராசரி விட்டம் 30 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கும், 40ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்கும்.

அப்படியிருந்தும் கற்பூரம் ஏன் அகலக் குழாயை வைத்திருக்கிறது? விட்டம் இரட்டிப்பானால் நீரோட்டம் 16 மடங்காகும். அந்த மரத்தின் வேகத்துக்கு இது முக்கியமான காரணம். வளர்ந்த கற்பூர மரத்தில் குழாய்கள் 100 மைக்ரானைத் தாண்டும். கன்றில் அதைவிடக் குறுகலாகத்தான் இருக்கும், வளர வளர அகலமாகும். கற்பூரத்தின் பச்சைக் கிளையை விரல் நீளத்துக்கு வெட்டி, பிளேடால் முனையைச் சீவி, லென்ஸில் பாருங்கள். துளைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு முனையில் சோப்புத் தண்ணீர் தடவி மறுமுனையில் ஊதினால் நுரை கிளம்பும். பைனில் அப்படி ஊத முடியாது. அதில் சைலக்குழாயே கிடையாது. இரு முனையும் மூடிய, சில மில்லிமீட்டர் நீளமுள்ள டிரக்கீடு என்ற செல்கள்தான், விட்டம் பெரும்பாலும் 40 மைக்ரானுக்குள். அவற்றின் சுவரில் ஒன்றையொன்று இணைக்கும் விளிம்புடைய குழிகளின் நடுவே ஒரு சிறு தட்டு இருக்கிறது. பக்கத்து டிரக்கீடில் காற்று புகுந்தால் தட்டு நகர்ந்து வாயை அடைத்துவிடும். பனியைத் தாங்குவதில் பைனைக் குறை சொல்லவே முடியாது.

காட்டுப்பூவரசில் சைலக்குழாய் உண்டு, ஆனால் மிகக் குறுகல். லென்ஸிலும் துளை பிரித்துத் தெரிவதில்லை, மரம் வழவழவென்று ஒரே சீராக இருக்கும். நீரோட்டம் மெதுவாக இருப்பதால் வளர்ச்சியும் மெதுவு. உறைந்து உருகும் காலையில் அந்தக் குறுகலே அதற்குக் காப்பு. சோலை எனப்படும் மலைக்காட்டு மரங்களின் கன்றுகள் பனியில் கருகிப்போகும் புல்வெளிப் பள்ளங்களில், காட்டுப்பூவரசு மட்டும் தனியே நிற்பதை அவலாஞ்சி பக்கம் போனால் பார்க்கலாம். தடித்த பட்டை இருப்பதால் புல்வெளித் தீயையும் ஓரளவு தாங்கும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பனி விழுந்த மறுநாள் இலை கருகுவதற்கெல்லாம் சைலம் காரணமில்லை, இலையின் செல்களே உறைந்து சாகின்றன. கற்பூரமும் வளர்ந்துவிட்டால் ஊட்டிப் பனியைத் தாங்கி நிற்கிறது. 1843 முதல் இங்கே நட்டு வருகிறார்களே. என் கணக்கு, தரையை ஒட்டிக் குளிர் தேங்கும் பள்ளத்தில் நிற்கும் கன்றைப் பற்றியது. அங்கே காலையில் மண் சில்லிட்டுக் கிடக்க வேர் நீரை இழுக்கத் திணறும், மேலே வெயில் இலையை உலர்த்திக்கொண்டிருக்கும். அடைபட்ட குழாயோடு அந்த நேரத்தைக் கடப்பது கன்றுக்குப் பெரும்பாடு.

தண்ணீர் விஷயமும் கற்பூரத்துக்கு எதிராகத்தான் போகிறது. நீலகிரியின் கிளன்மார்கனில் புல்வெளியை அப்படியே விட்ட நீர்ப்பிடிப்புப் பகுதியையும் கற்பூரம் நட்டதையும் ஒப்பிட்ட ஆய்வில், நட்டு வெட்டும் முதல் பத்தாண்டுச் சுழற்சியில் ஓடைக்கு வரும் நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. கீழே ஊற்றை நம்பிப் பயிர் வைப்பவனுக்கு இது சின்ன எண் இல்லை.

பராமரிப்பு என்று பார்த்தால், காட்டுப்பூவரசுக் கன்றைச் சுற்றிப் புல் களைய வேண்டும், முதல் சில குளிர்காலங்களில் காய்ந்த பெரணி இலையால் மூடி வைக்க வேண்டும். என் கன்றுகள் இன்னும் இடுப்பளவைத் தாண்டவில்லை, ஆடிக் காற்றை அவை தடுத்து நான் பார்த்ததில்லை. அதுவரைக்கும் வெளிவரிசையில் பழைய சைப்ரஸ்களை வெட்டாமல் விட்டிருக்கிறேன். அவையும் டிரக்கீடு மரங்கள்தான். உங்கள் நிலம் பனி தேங்காத மேட்டுச் சரிவாக இருந்து, விறகும் அவசரமாகத் தேவைப்பட்டால் என் காரணம் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் கீழே ஊற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கற்பூரம் வையுங்கள்.