கவசத்தில் தெரியும் முகமா, மார்பில் ஒட்டிய படமா?

பெருந்தொற்றுக் காலத்தில் தன்னைத் தொடுபவர் யாரென்று பார்ப்பது நோயாளியின் உரிமை. மருத்துவப் பணியாளர் அணியும் முழுக் கவசம் முகத்தை மறைத்து அதைப் பறித்துவிடுகிறது.

2015இல் லைபீரியாவின் எபோலா சிகிச்சைக்காகக் கலைஞர் மேரி பெத் ஹெஃபர்னன் கொண்டுவந்த வழி, பாதுகாப்பு அங்கியின் மார்பில் அணிபவரின் முகப்படம் ஒட்டுவது. கோவிட் வந்த 2020இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனையிலும் இதைப் பின்பற்றினார்கள். செலவு குறைவு, நுண்துகள்களை வடிகட்டும் என்95 முகக்கவசத்துக்கும் இடைஞ்சலில்லை. ஒட்டுத்தாளில் உள்ளங்கையைவிடப் பெரிதாக, பளபளப்பின்றி அச்சிடுங்கள். பளபளத்தால் படுத்திருப்பவருக்கு விளக்கொளிதான் தெரியும். அங்கியோடு படத்தையும் கழிக்க வேண்டும் என்பதால் பிரதிகள் நிறைய வேண்டும். பெரிய குறை, படத்தின் முகம் மாறாது. மரணச் செய்தி சொல்பவரின் மார்பில் பல் தெரியும் சிரிப்பு இருப்பது கொடுமை. அதனால் மென்முறுவல் போதும்.

ஒளிபுகும் முகக்கவசத்தில் தெரிவது உயிருள்ள முகம். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்களுக்கு அதற்கு ஈடே இல்லை, படம் அங்கே பயன்படாது. ஆனால் பிளாஸ்டிக்கில் மூச்சு படிந்து மங்கும், குரல் அமுங்கும். காற்று அதனூடே போகாததால் ஓரங்களில் கசியும். சாதாரண வகைகள் என்95க்கு மாற்றல்ல.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் படம்; காது கேளாதவரிடம் பேசும் ஆலோசனை அறைக்கு, மங்காத பூச்சுள்ள ஒளிபுகும் கவசம்.